கேமராவை யார் சுமப்பது

அந்தப் பருவத்தில் பவுலினாவிடம் மூன்று சீடர்கள் இருந்தார்கள். பாலகுருசாமி, ஓய்வுபெற்ற பொறியாளர். பெஞ்சமின், தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவன். சுடர்விழி, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பவள். பவுலினாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் மூவரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள், அறுபதைத் தொட்ட பாலகுருசாமி உட்பட.

அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். மலை ஆற்றில் இடுப்பளவு குளிர்நீரில் நின்று, இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் வீசி, ட்ரவுட் மீனைப் பிடிப்பது. பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது.

ஆற்றின் மேற்புறம் ஒரு மடு உண்டு. மேல்மடு என்பார்கள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் அங்கே போகலாம். ஒரு முழத்துக்குக் குறையாத மீனைப் பிடித்துத் திரும்ப விட்டவருக்குத்தான் அந்த அனுமதி. பிடித்தேன் என்று வந்து சொன்னால் போதும். பாலகுருசாமி சொன்னார், போனார். பெஞ்சமின் சொன்னான், போனான்.

போன வருஷம் சுடர்விழியும் வந்து சொன்னாள்.

"படம் இருக்கா பாப்பா?" என்றார் பாலகுருசாமி.

"உங்க மீனுக்குப் படம் இருக்கா சார்?"

"நான் முப்பது வருஷம் அளவெடுத்தே பொழச்சவன். எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் கண்ணு ரெண்டு இருக்கு."

"அட, கோவப்படாதம்மா. முழம்னா உன் முழமா, என் முழமா? அதைப் பார்க்க வேணாமா?"

பெஞ்சமின் சிரித்தான். பவுலினா தூண்டில் கயிற்றுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சுடர்விழி மேல்மடுவுக்குப் போகவில்லை.

இந்த வருஷம் அவள் கழுத்தில் கேமராவோடு வந்தாள்.

முதல் நாள் ஒரு மீன் கடித்தது. நல்ல கனம். அவள் ஒரு கையால் தூண்டில் கழியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேமராவைத் தூக்கினாள். கயிறு தளர்ந்தது. மீன் தலையை ஒரு உதறு உதறி, முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள் இன்னொன்று. குனிந்து கைவலையை நீட்டினாள். கழுத்திலிருந்த கேமரா ஊஞ்சல் மாதிரி ஆடித் தண்ணீரைத் தொடப் பார்த்தது. அதைப் பிடித்தாள். மீனை விட்டாள்.

"ரெண்டு போச்சு," என்றான் பெஞ்சமின் கரையிலிருந்து. "கேமராவுக்குப் பதிலா ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

ஐந்தாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. குளிர் தாங்குவதற்காக நெஞ்சுவரை ஏறும் ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் ஆற்றில் இறங்குவார்கள். இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டவேண்டும். விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் அதுதான் காக்கும். ஆற்றில் நனையாத இடம் அந்த உடைக்குள்தானே என்று நினைத்தாள் சுடர்விழி. பெல்ட்டைத் தளர்த்தினாள். கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

நடு ஆற்றில் பாசி படிந்த கல்லில் கால் வழுக்கியது. விழும்போதே கேமராவை வெளியே எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். நெஞ்சருகே உடைக்குள் இறங்கிய தண்ணீர், தடுக்க ஒன்றும் இல்லாததால், கால்விரல் வரைக்கும் போய் நிரம்பியது. எழ முடியவில்லை. உடம்பு கல்லாகக் கனத்தது. நீரோட்டம் அவளை ஆழத்தின் பக்கம் மெல்ல நகர்த்தியது.

பவுலினா பாய்ந்து வந்து கை நீட்டினார். "கையைக் கொடு."

சுடர்விழி கேமராவைக் கொடுத்தாள்.

பவுலினா அதை வாங்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கேமராவும் கூடவே வந்தது.

கரையில் நெருப்பு மூட்டினார்கள். பெஞ்சமினும் பாலகுருசாமியும் கீழ்ப்பக்கம் போயிருந்தார்கள். சுடர்விழி இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து பற்கள் அடிக்க அடிக்கப் பேசினாள்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லுவீங்க. பிடிச்ச மீனு உனக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கு எதுக்குன்னு சொல்லுவீங்க. கேட்க ரொம்ப அழகா இருக்கும். ஆனா அது அவங்களுக்கு வசதியான பதில். அவங்க பொய்யே சொன்னாலும் மேல்மடுவுக்குப் போவாங்க. நான் உண்மையைச் சொல்லிட்டுக் கீழேயே நின்னு மனசைப் பக்குவப்படுத்திக்கணும். அப்படித்தானே?"

"டீ குடி."

"குடிக்கிறேன். போன வருஷம் நான் சொன்னதை நீங்க நம்புனீங்களா?"

"நம்பினேன்."

"அப்போ ஏன் வாயைத் திறக்கல?"

"நான் திறந்திருந்தா அவர் என்னைத்தான் நம்பியிருப்பார், உன்னை இல்ல."

சுடர்விழி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அதுவே எனக்குப் போதுமே."

"போதுமா?"

அவள் யோசித்தாள். "போதாது," என்றாள். அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்குக் கோபத்தை ஏற்றியது. "ஆனா அதுக்குப் பதிலா நீங்க என்ன செஞ்சீங்க? கயித்துக்கு மெழுகு தடவினீங்க. ஒரு வருஷம் போச்சு அக்கா. இன்னிக்கு ஆத்தோட நானே போயிருப்பேன்."

பவுலினா ஈரமான பெல்ட்டை நெருப்பருகே விரித்துப் போட்டார்.

"ஆமா," என்றார். "அது என் தப்புத்தான்."

சுடர்விழி இதை எதிர்பார்க்கவில்லை. அடுத்து வைத்திருந்த நான்கு வாதங்களும் அவளுக்கு மறந்துபோயின.

"அந்தப் படம் யாருக்கு வேணும்?" என்று கேட்டார் பவுலினா.

"எனக்கா வேணும்? நான்தான் மீனையே பார்த்துட்டேனே. அவருக்குத்தான் வேணும்."

"அப்போ அது ஏன் உன் கழுத்துல தொங்குது?"

மறுநாள் காலை எல்லோரும் ஆற்றங்கரையில் கூடினார்கள். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. பவுலினா கேமராவை வாங்கி, வார் முறுக்கில்லாமல் சரிசெய்து, பாலகுருசாமியின் கழுத்தில் மாட்டினார்.

"என்னக்கா இது?"

"இவ மீன் பிடிக்கிறப்ப நீங்க படம் எடுக்கணும் சார்."

"நானா?"

"படம் கேட்டது நீங்கதானே?"

பாலகுருசாமி பெஞ்சமினைப் பார்த்தார். பெஞ்சமின் தன் தூண்டில் பெட்டிக்குள் எதையோ மும்முரமாகத் தேடினான்.

"அதுக்கென்ன, கரையிலேருந்து எடுக்கிறேன்."

"கரையிலேருந்து எடுத்தா நீளம் தெரியாது சார்," என்றாள் சுடர்விழி. "அளவு முக்கியம் இல்லையா?"

அவர் இறங்கினார். சுடர்விழி முன்னால், அவர் பின்னால்.

"நேர் பின்னால நிக்காதீங்க. நான் வீசுறப்ப கயிறு பின்னால வரும், முள்ளு காதைப் பிடிச்சுக்கும். இடது பக்கம் தள்ளுங்க."

"இடது பக்கம் ஆழமா இருக்கும்மா."

"ஆமா சார்."

தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டியது. கேமராவை நெஞ்சுக்கு மேலே இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். ஆற்றில் ஊன்றி நடக்க இடுப்பில் கட்டியிருந்த கோல் பயனில்லாமல் மிதந்தது.

"இதைக் கொஞ்சம் இறக்கிக்கலாமா?"

"எங்க டிபார்ட்மென்ட் கேமரா சார். நனையக் கூடாது."

அவள் வீசினாள். பூச்சி தண்ணீர்மேல் இறங்கி மிதந்து போனது. மறுபடி வீசினாள். அவளுடைய தோள்கள் லேசாக இருந்தன. குனிந்தபோது நெஞ்சில் எதுவும் ஆடவில்லை. இந்த வருஷம் முதல்முறையாக அவள் தண்ணீரை மட்டும் பார்த்தாள்.

அரை மணி நேரம் போனது.

"என் கண்ணாடில பனி மாதிரி படிஞ்சிருச்சு. ஒண்ணுமே தெரியல," என்றார் பாலகுருசாமி.

"துடைங்க சார்."

"எந்தக் கையால துடைக்க?"

"அதைத்தான் நானும் அஞ்சு நாளா யோசிச்சேன்."

"அண்ணே, அசையாதீங்க, மீன் ஓடிரும்," என்றான் பெஞ்சமின் கரையிலிருந்து. அவன் கையில் சூடான டீ இருந்தது. அதை அவன் சத்தமாக உறிஞ்சினான்.

இன்னும் அரை மணி நேரம். பாலகுருசாமியின் உதடு நீலம் பாரித்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"அக்கா, இது எவ்வளவு நேரம்?"

"மீன் கடிக்கிற வரைக்கும் சார்," என்றார் பவுலினா.

"கடிச்சது முழத்துக்குக் குறைச்சலா இருந்தா?"

"அடுத்தது கடிக்கிற வரைக்கும்."

பாலகுருசாமி தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா சுடர்விழி. போன வருஷம் நீ சொன்ன மீனு."

"சொல்லுங்க சார்."

"அது முழத்துக்கு மேலதான் இருந்திருக்கும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நம்புறேன்மா."

"நேத்து வரைக்கும் நம்பலியே. புதுசா ஆதாரம் ஏதும் வரலியே சார்."

"கால் ரெண்டும் மரத்துப் போச்சும்மா."

"அது ஆதாரமா?"

"சுடர்," என்றார் பவுலினா.

அவள் நிறுத்திக்கொண்டாள். கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்துக் கரைவரை நடத்திக்கொண்டு வந்தாள். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கியபடியே வந்தார் அவர். பெஞ்சமின் கம்பளியோடு ஓடிவந்தான். கேமரா பத்திரமாகப் பைக்குள் போனது. கைகள் வெந்நீரில் நனைந்ததும் பாலகுருசாமி, அப்பாடா, என்று ஒரு பெருமூச்சு விட்டார். வெட்கம்கூட அந்த மூச்சோடு கொஞ்சம் போயிருக்க வேண்டும்.

சுடர்விழி தனியாக ஆற்றுக்குத் திரும்பினாள். வளைவு தாண்டியதும் அவள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் வந்தாள். கழியைச் சாய்த்து வைத்தாள். மூவரும் நெருப்பைச் சுற்றி இருந்தார்கள். கேமரா பையிலேயே கிடந்தது.

"ஒண்ணு பிடிச்சேன்," என்றாள். "ஒரு முழம், அதுக்கு மேல நாலு விரல். விட்டுட்டேன்."

சுள்ளி ஒன்று வெடித்தது. சுடர்விழி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளிடம் வாதம் எதுவும் தயாராக இல்லை.

பாலகுருசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்தப் பாறைகிட்ட?" என்றார்.

"வளைவு தாண்டி, ரெண்டாவது பாறை. நிழல் பக்கம்."

"என்ன பூச்சி போட்ட?"

"பழுப்பு இறகு. சின்னது."

"சின்னதா?" அவர் பெஞ்சமின் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன்ல, இந்தக் குளிருக்குச் சின்னதுதான் எடுபடும்னு."

"நீங்க பெருசுன்னு சொன்னீங்கண்ணே."

"நான் எப்பச் சொன்னேன்?"

இருவரும் அதைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். சுடர்விழி உட்கார்ந்தாள். யாரோ ஒரு தட்டில் பட்டாணி வைத்து அவள் பக்கம் தள்ளினார்கள். தின்றாள். ஒரு வருஷமாக ருசி தெரியாமல் எதையெதையோ தின்றிருந்தது போல் இருந்தது.

அவர்கள் இருவரும் கூடாரத்துக்குப் போனபிறகு அவள் பவுலினாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா?"

"ஆத்துல அவர் நிஜமாவே நம்பினாரா? இல்ல, குளிருக்குப் பயந்துட்டாரா?"

"குளிருக்குத்தான்."

"அப்போ அது நம்பிக்கையே இல்லியே."

பவுலினா காய்ந்த பெல்ட்டை எடுத்து மடித்து அவள் மடியில் வைத்தார்.

"சாயந்திரம் நெருப்புகிட்ட உக்காந்து பாறையைத்தானே கேட்டார், படத்தைக் கேக்கலியே. மேல்மடுவுல தண்ணி இதைவிடக் குளிரு," என்றார். "காலைல நீ மட்டும் போயிட்டு வா."