பனி தின்ற உப்பு

மாடும் பனியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கடற்கரையில் உப்பு வாரி மலைக்குக் கொண்டுபோய் விற்பவர்களை உமணர் என்பார்கள். அவர்களில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பொதி மாடு, பெயர் மயிலை. இருவருக்கும் வயதாகிவிட்டது, இருவருக்கும் முழங்கால் வலி. யாருக்கு அதிகம் என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோவதற்குள் வாரிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் சடைச்சி பலகையைப் பாத்தியின் அடிவரை அழுத்தி இழுத்துவிட்டாள். உப்போடு பருமணலும் பொடிக்கல்லும் சேர்ந்து வந்துவிட்டன. அப்படிப்பட்ட உப்பை யார் வாங்குவார்கள்? வழியிலிருந்த ஊர்களில் எல்லாம் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்கள், பல்லில் நறநறத்ததும் துப்பினார்கள்.

"இது உப்பு இல்ல தாயி, மண்ணு."

இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிற்று.

மலையுச்சியில் இருந்த ஊர்தான் மிச்சம். அங்கே இரண்டு மாதமாக உப்பில்லை, ஆடுகள் பாறையை நக்கிக்கொண்டிருக்கின்றன, மண்ணானாலும் கொண்டுவா என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். சடைச்சி இரண்டு மூட்டையை மயிலையின் முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஊருக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கையில் வழி ஒடுங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நடுவில், வெயில் எட்டாத சரிவில், உறைபனி நீட்டிப் படுத்திருந்தது. போன மார்கழியில் மயிலையின் ஜோடி மாடு வழுக்கிப் பள்ளத்தில் போனது இதே இடத்தில்தான்.

மயிலை ஒரு காலை வைத்துப் பார்த்தது. வழுக்கியது. பின்வாங்கி நின்றுகொண்டது.

"ஆத்தா, என்னால ஆகாது. மூட்டைய இறக்கிக்க. நீ தவழ்ந்து போயிரு, நான் இப்பிடியே படுத்துக்கறேன்."

"படுத்தா வெறச்சுச் செத்துருவ."

"செத்தா முழங்கால் வலிக்காதுல்ல."

சடைச்சிக்கு அழுகை வந்தது, ஆனால் அழக்கூடத் தெம்பில்லை. ஒரு மாட்டை இந்த இடத்துக்குக் கொடுத்தாயிற்று. இதையும் கொடுத்துவிட்டு உயிரோடு இருக்க அவளுக்கு மனமில்லை. பனியைப் பார்த்துக் கேட்டாள்.

"கொஞ்சம் ஒதுங்கிக்கயேன்."

"நான் எதுக்கு ஒதுங்கணும்?" என்றது பனி. "விழுந்த நாள்ல இருந்து பட்டினி. யாராவது ஒரு வாய் போட்டாங்களா? வர்றவங்க எல்லாம் திட்டிட்டுத்தான் போறாங்க."

பசி என்று ஒரு வாய் சொன்ன பிறகு சும்மா நிற்க அவளால் முடியாது. கையில் இருந்ததோ உப்பு. உப்பைத் தரையில் சிந்துவது உமணர் குடிக்கு ஆகாது, மிதிப்பது அதைவிட ஆகாது. மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"ஊரே இத மண்ணுன்னு சொல்லிருச்சு. மண்ணக் கொட்டினா பாவமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு மூட்டையை அவிழ்த்துச் சரிவு நெடுகத் தூவினாள்.

பனி நக்கிப் பார்த்தது. ருசி என்றால் என்னவென்றே அறியாத நாக்கு அது. மணலையும் கல்லையும் ஒதுக்கிவிட்டு உப்பை மட்டும் ஒரு பருக்கை விடாமல் தின்றது. தின்றதும் தாகம் பிடித்துக்கொண்டது.

"ஆத்தா, தண்ணி."

"தண்ணிக்கு நான் எங்க போவேன்? ஓடை, ஊத்து எல்லாத்தையும் நீதானே கட்டி வெச்சிருக்க."

பனி அங்குமிங்கும் பார்த்தது. அந்தச் சரிவில் தண்ணீர் என்று இருந்தது அது ஒன்றுதான். வேறு வழியில்லாமல் தன்னையே கொஞ்சம் குடித்தது. அடங்கவில்லை. இன்னும் குடித்தது. ஓரமெல்லாம் நீராகிப் பாறையிடுக்கில் இறங்கத் தொடங்கியது.

"என்னை ஏமாத்திட்டியே."

"ஏமாத்தல. உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு எங்க ஊர்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணாமப் போச்சு." அவளுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

மயிலை மட்டும் அசையவில்லை. "நான் உப்ப மிதிக்க மாட்டேன்" என்றது.

"உப்ப நான் தின்னுட்டேன். கெடக்கறது வெறும் மணலு. மிதிச்சுட்டுப் போ" என்றது பனி.

மயிலை காலை வைத்தது. மணலும் பொடிக்கல்லும் குளம்பைப் பிடித்துக்கொண்டன. அடி மேல் அடி வைத்து ஏறியது. சரிவைக் கடந்ததும் சடைச்சி திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு இந்த வழியாத்தான் எறங்கணும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னும் எங்க ஊர்ல சொல்லுவாங்க. நெனப்பியா?"

"உள்ளளவும் நெனப்பேன் ஆத்தா. ஆனா நான் உள்ளதே இன்னும் ஒரு நாழிகைதான். நாளைக்கு விழறது வேற பனி. அதுக்கு உன்னத் தெரியாது." பனியின் குரல் தேய்ந்தது. "இன்னொண்ணு. குளிர் ரொம்ப முத்திட்டா பனிக்கு வாய் கட்டிக்கும், உப்பு எறங்காது. அன்னிக்கு மணல மட்டும் நம்பி நட."

ஊர்க்காரர்கள் மீதி மூட்டையைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் படியும்வரை தெளியவிட்டு, உப்புநீரைக் கஞ்சியில் ஊற்றிக்கொண்டார்கள். யாரும் துப்பவில்லை. மறுநாள் சடைச்சி அடியில் படிந்த மணலையும், கரைக்காமல் எடுத்துவைத்த இரண்டு பிடி உப்பையும் மடியில் கட்டிக்கொண்டு மயிலையோடு இறங்கினாள். சரிவில் புதுப் பனி படுத்திருந்தது.

"யாரு நீ?" என்று கேட்டது.

சடைச்சி பெருமூச்சு விட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மடியை அவிழ்த்தாள்.

பனி கொட்டும் தேசங்களில் குளிர்காலம் வந்தால் சாலையில் உப்பையும் பொடிக்கல்லையும் சேர்த்துத் தூவுகிறார்களே, அது அன்று முதல்தான். நேற்றுத்தானே தூவினோம் என்று அலுத்துக்கொண்டே மறுபடியும் தூவுகிறார்கள். நேற்று உப்பைத் தின்ற பனி அவர்களை மறக்கவில்லை, ஆனால் அது இன்று இல்லை.