கை கலந்த யானைகள்

அந்தக் காலத்தில் யானைகளும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டு திரிந்தன. சண்டைப் பயிற்சியும் உண்டு. அதற்குக் கைகலப்பு என்று பெயர். பெயர்தான் அப்படி, பழகியதெல்லாம் மரத்தோடு. விடிந்ததும் ஆளுக்கொரு வேங்கை மரத்தை முட்டுவார்கள், சாய்ப்பார்கள், அடுத்ததற்குப் போவார்கள். சாய்த்த மரம் பெரிதானால் மரியாதையும் பெரிது.

இளங்களிறு மூங்கிலான் சாய்க்காத மரமில்லை. ஒருநாள் ஆற்றங்கரையில் தலைவி முறத்தியின் கன்று அவன் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, "என்னைப் பிடி பார்ப்போம்" என்றது. விளையாட்டாகத்தான் துதிக்கையால் ஒரு தட்டுத் தட்டினான். முன்னங்கால் பிசகி, கன்று எழ முடியாமல் கிடந்தது.

"பொழுது சாய்வதற்குள் கூட்டத்தை விட்டுப் போய்விடு" என்றாள் முறத்தி.

"மெதுவாகத்தான் தட்டினேன்" என்று அழுதான் அவன். யாரும் நம்பவில்லை, ஓடைச்சியைத் தவிர. அவள் இளம்பிடி. எதிர்க்கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குத் தழை செரிக்காது.

"பெரியம்மா, ஒன்று கேட்கலாமா?"

"வேண்டாமென்றால் விடவா போகிறாய்?"

"இவனைப் பிறந்ததிலிருந்து மரத்தோடு பழகவிட்டது யார்? நாம்தானே. எந்த மரமாவது 'வலிக்கிறது, கையை எடு' என்று சொல்லியிருக்கிறதா? மெதுவென்றால் எவ்வளவு மெது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கைகலப்பாம். யார் கை யார் கையோடு கலந்தது, சொல்லுங்கள்."

"கலந்தால் உன் கை ஒடியும்."

"ஒடிந்தால் நானும் சேர்ந்தே அவனைத் துரத்துகிறேன். பொழுது சாயும்வரை விடுங்கள்."

பதிலுக்குக் காத்திராமல் தன் துதிக்கையை நீட்டி அவன் துதிக்கையைச் சுற்றினாள். கூட்டம் பின்வாங்கி இடம் விட்டது. பழக்கத்தில் அவன் ஒரு தள்ளுத் தள்ளினான். ஓடைச்சி சேற்றில் போய் விழுந்தாள்.

"போதும் அக்கா. நான் போய்விடுகிறேன்."

"என்னை ஜெயித்து உனக்கு என்ன கிடைக்கப்போகிறது?" சேற்றை உதறிக்கொண்டே எழுந்தாள். "கண்ணை மூடு. தள்ளாதே. நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று மட்டும் சொல்."

மறுபடி சுற்றினாள். மறுபடி விழுந்தாள். உடம்பெல்லாம் வலித்தது, வீம்பு விடவில்லை. வெயில் இறங்க இறங்க அவன் கை இளகியது.

"இடது பக்கம் போகிறாய்" என்றான். "மூச்சை இழுத்துப் பிடிக்கிறாய்." கொஞ்ச நேரம் கழித்து, "இடது பக்கம் போவதுபோல ஏமாற்றுகிறாய், அக்கா."

"அதுகூடத் தெரிகிறதா?" என்று அவள் சிரித்தாள்.

சிரிக்கும்போதே அவளுக்குக் கீழே கரை சரிந்தது. அவள் அலறுவதற்கு முன்பே மூங்கிலான் மண்டியிட்டிருந்தான். வெடுக்கென்று இழுத்திருந்தால் துதிக்கை பிய்ந்திருக்கும். அவன் இழுக்கவில்லை. அவள் பாரம் போன பக்கமே கொஞ்சம் போய், அது நின்ற இடத்தில் நின்று, மெல்ல மேலே கொண்டுவந்தான். கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

"அவள் விழப்போவது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்றாள் முறத்தி.

"அவள் கைதான் சொன்னது, பெரியம்மா. அவளுக்கே அப்போது தெரியாது."

முறத்தி, படுத்திருந்த கன்றின் அருகே அவனை அழைத்துப் போனாள். அதன் குட்டித் துதிக்கையை எடுத்து அவன் துதிக்கைமேல் வைத்தாள். அவன் மெல்லச் சுற்றிப் பிடித்தான்.

"கூசுது" என்றது கன்று.

அவன் பிடி உடனே தளர்ந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டான். போகச் சொல்லி யாரும் மூங்கிலானைக் கேட்கவில்லை.

அன்று முதல்தான் யானைகள் எதிர்ப்பட்டால் முதலில் துதிக்கையோடு துதிக்கை பின்னிக்கொள்கின்றன. அக்கரையிலிருந்து இதையெல்லாம் பார்த்த மனிதர்களில் பலர் கைகலப்பு என்ற பெயரை மட்டும் கொண்டுபோய் அடிதடிக்கு வைத்துக்கொண்டார்கள். சிலர்தான் சண்டை பழகும்போது கண்ணை மூடி, மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து, எதிரில் நிற்பவரின் கை என்ன சொல்கிறது என்று இன்றும் கேட்டுப் பழகுகிறார்கள்.