பெர்க்மான்ஸ் அண்ணனின் மிளகு ரசமும் ஒரு வாளி மழைத்தண்ணீரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு வாளி மழைத்தண்ணீர் நியாயப்படி எனக்குத்தான் சேர வேண்டும். பத்தொன்பது நாளாகக் கடல் தண்ணீரிலேயே குளித்து என் தலைமுடி தேங்காய் நார் ஆகியிருந்தது.

தூத்துக்குடியிலிருந்து மொரீஷியசுக்குப் போகும் பாய்மரப் படகில் நாங்கள் மூன்றே பேர். கேப்டன் தணிகாசலம், சுக்கானும் சமையலும் பார்க்கிற பெர்க்மான்ஸ் அண்ணன், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காகத் தினமும் கடல் நீரைப் பாட்டிலில் பிடித்து உப்பு அளக்கும் நான், பூரணி. தொட்டியில் இருக்கும் நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். அன்று காலையில் பெய்த தூறல் பாயில் வழிந்து, ஒரே ஒரு வாளி தேறியது.

"என் வெள்ளைச் சட்டையை அலசணும்," என்றார் பெர்க்மான்ஸ் அண்ணன். "உப்பு ஏறி அதுவா எந்திரிச்சு நிக்குது. நேத்து நான்னு நெனச்சு கேப்டன் அதுகிட்ட காப்பி கேட்டாரு."

"நான் தலைக்குக் குளிக்கணும்ணே."

"முடியை வெட்டிரு தங்கச்சி. தண்ணி மிச்சம்."

வந்ததே எனக்குக் கோபம்! சட்டையைக் கழற்றிக் கடலில் போட்டால் அதுவும் மிச்சம்தான் என்று ஆரம்பித்து, நான் ஏழாவது பாயின்ட்டுக்குப் போவதற்குள் கேப்டன் கையைத் தூக்கினார்.

பங்கு போட முடியாத எதற்கும் அந்தப் படகில் ஒரே வழக்கம், புளுகுப் பந்தயம். ஒருவர் மாற்றி ஒருவர் கதை விட வேண்டும். கேட்கிறவர் கேள்வி கேட்கலாம், சிரிக்கலாம், முறைக்கலாம். 'பொய்' என்று யார் முதலில் சொல்கிறாரோ அவர் தோற்றார். இருவருமே சொல்லாவிட்டால் பொருள் கேப்டனுக்கு.

"தீர்ப்பு சொல்றவரே பங்குக்கு வர்றது எந்த ஊர் நியாயம் சார்?"

"இந்தப் படகு நியாயம்மா," என்றபடி அவர் கிழிந்த பாயைத் தைக்க உட்கார்ந்தார்.

எட்டு நாள் முன்னால் கடைசி எலுமிச்சம்பழத்தை இப்படித்தான் இழந்தேன். அண்ணன் வாயைத் திறந்த அரை நிமிஷத்தில் 'பொய்' என்று கத்திவிட்டேன். இந்தத் தடவை நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன்.

"போன தடவை இதே கடல்ல பறக்கிற மீனு கூட்டமா வந்துச்சு, பாத்துக்கோ. நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்புல வச்சுட்டுச் சும்மா நின்னேன். ஒவ்வொண்ணா வந்து குதிக்குது. ஒரு பக்கம் வெந்ததும் அதுவா பொரண்டு படுக்குது. செவந்ததும் துள்ளித் தட்டுல உக்காருது."

"மசாலா?"

"தடவிட்டுத்தான் வந்துச்சு. உப்புதான் கொறச்சல்."

"கடல் மீனுக்கு உப்பு குறைச்சலா?"

"எனக்கும் அதான் ஆச்சரியம்!" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"அப்புறம் காத்து செத்துட்டு. பதினெட்டு நாள் ஒரு அசைவு இல்ல. படகோட நெழலே சலிச்சுப்போயி எந்திரிச்சு நீந்தப் போயிட்டு. நான் என்ன செஞ்சேன்? ஒரு அண்டா மிளகு ரசம் வச்சுக் கடல்ல ஊத்தினேன். அடியில கெடந்த திமிங்கலத்துக்கு மூக்குல ஏறிட்டு. போட்டுது பாரு ஒரு தும்மல்! முந்நூறு மைலு! படகு போயிட்டு, பாயில எழுதியிருந்த நம்பரு அங்கேயே நின்னுட்டு. மூணு நாள் கழிச்சுத்தான் வந்து ஒட்டுச்சு."

"திமிங்கலத்துக்கு மூக்கு உச்சந்தலையில இருக்குண்ணே!"

"நானும் மேல இருந்துதானே தங்கச்சி ஊத்தினேன்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. கேப்டன் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே வாளியை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்தத் தும்மல்ல மேகம் ஒடைஞ்சு மழை. கம்பி கம்பியாக் கெட்டியா எறங்குது. படகு அதைப் பிடிச்சு மேல ஏறிட்டு. மேகத்துக்கு மேல ரெண்டு நாள் ஓட்டினேன். துணி காயப் போட்டா நிமிஷத்துல காயும், சூரியன் பக்கத்து வீடுல்லா! எறங்கி வந்து சட்டையை ஒரு உதறு உதறினேன். நீ பாட்டில்ல பிடிச்சு அளக்குதியே, அந்த உப்பு பூரா அன்னைக்கு உதிர்ந்ததுதான்."

என் மூன்று வருஷ ஆராய்ச்சி! 'பொ' வரை வந்துவிட்டது. கேப்டனின் ஊசி நின்றது. "பொறுமையாச் சொல்லுங்கண்ணே," என்று முடித்தேன்.

"நான் சொல்லி முடிச்சாச்சு. நீ விடு பாப்போம்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "முந்தாநாள் மத்தியானம் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடிச்சுட்டுச் சுக்கான்ல உக்காந்தீங்க. அஞ்சு நிமிஷத்துல குறட்டை. நீங்க விட்ட மூச்சுல பாய் புடைச்சுப் படகு பறந்துது. இழுத்த மூச்சுல பின்னாலேயே வந்துது. ஒரே ஆமையை நாலு தடவை தாண்டினோம். நாலாவது தடவை அது கையைக் காட்டிச்சு."

அண்ணனுக்கு ஒரே பெருமை. "நம்ம மூச்சு அப்படி!"

"அப்போ சுக்கானை யாரும்மா பிடிச்சா?" என்றார் கேப்டன்.

"நான்தான் சார். பாவம், அசந்து தூங்குறாரே, எழுப்ப வேண்டாம்னு ரெண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாம பிடிச்சிருந்தேன்."

"பொய்!" என்று பெர்க்மான்ஸ் அண்ணன் துள்ளி எழுந்தார். "சுத்தப் பொய்!"

நான் குதித்த குதியில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய் முதல் சொம்பை ஊற்றிவிட்டேன். ஆகா!

ஷாம்பூ நுரை கண்ணை மறைத்தபோதுதான் மனசு உறுத்தியது. ஆமை, மூச்சு, இதெல்லாம் என் கைச்சரக்கு. ஆனால் அவர் தூங்கியது சத்தியம். ஜெயித்தாலும் உண்மையை நிலைநாட்டாமல் விட்டால் நான் என்ன படித்தவள்?

"அண்ணே! நீங்க முந்தாநாள் தூங்கினது நிஜம்தானே? பொய்னு எப்படிச் சொல்லலாம்?"

"தூங்கினேன்தான். யாரு இல்லன்னா?"

"சுக்கான்ல தூங்கினியா?" என்றது கேப்டனின் குரல். "மொரீஷியஸ் வரைக்கும் பாத்திரம் உனக்கு."

"கழுவிட்டுப் போறேன் கேப்டன். அதுக்காக, இந்தப் பிள்ள ரெண்டு மணி நேரம் பேசாம இருந்துச்சுங்கறதை நான் எப்படி நம்ப?"

"அதை நானும் நம்பலை," என்றார் கேப்டன்.

இதற்கு என்னிடம் குறைந்தது ஒன்பது பாயின்ட் இருந்தது. முதலாவதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நுரை உள்ளே போய்விட்டது.