பேசாத மல்லன்

நடுப்பகலிலும் வெயில் தரைக்கு இறங்காத ஒரு காட்டில், கருங்கொம்பன் என்றொரு காட்டெருமை இருந்தான். அவனோடு மோதி ஜெயித்தவர் யாருமில்லை.

அந்தக் காட்டுச் சண்டையில் முட்டலாம், உதைக்கலாம், கடிக்கலாம், கட்டிப் புரளலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு சட்டம்தான்: எவன் கால் மடங்கிப் படுக்கிறானோ அவன் தோற்றவன். கருங்கொம்பன் படுத்ததே இல்லை. யாராவது பார்த்துவிட்டுத் தோற்றான் என்று சொல்லிவிடுவார்களோ என்று நின்றபடியேதான் தூங்குவான் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஜெயித்தவனுக்குத்தான் சுனையில் முதல் தண்ணீர். சரி, குடித்துவிட்டுப் போகலாம் அல்லவா? மாட்டான். உள்ளே இறங்கி, நான்கு காலாலும் மிதித்துக் கலக்கிவிட்டுத்தான் கரையேறுவான். மற்ற விலங்குகளுக்கு மிஞ்சியது வெறும் கலங்கல்தான்.

அந்தக் கோடையில் சாம்பலி என்ற நரியின் குட்டிகள் அந்தக் கலங்கலைக் குடித்துக் குடித்து, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தன. தாய்க்காரிக்கு வயிறு எரிந்தது.

"இவன் ஒரே ஒரு தடவை தோற்றால் போதும். சுனை அவன் கையைவிட்டுப் போய்விடும். என் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்" என்று எண்ணியவள், நேராகக் கருங்கொம்பனிடம் போனாள்.

"அண்ணா, தெற்குப் பள்ளத்தில் ஒரு மல்லன் இருக்கிறான். அவனும் உங்களைப் போலத்தான். இன்றுவரை தோற்றதே இல்லை."

"யாரடி அவன்? பெயர் என்ன?"

"யாருக்கும் தெரியாது. அவன் பேசவே மாட்டான்."

"யாரை ஜெயித்தானாம்?"

"ஒற்றைத் தந்த யானை அங்கே போனது. மேற்கு மலைப் புலி போனது. இரண்டுமே திரும்பி வரவில்லை, அண்ணா."

இதைச் சொல்லும்போது சாம்பலிக்கே மயிர் கூச்செறிந்தது. ஏனென்றால் அது பொய்யில்லை.

"அவனை இங்கே வரச் சொல்" என்று உறுமினான் கருங்கொம்பன்.

"அவன் யாரையும் தேடிப் போக மாட்டான். வருகிறவர்களுக்காகக் காத்துக்கொண்டே இருப்பான்."

"ஓகோ, அவ்வளவு திமிரா? காட்டையே கூட்டு! எல்லார் கண்முன்னாலும் அவனைப் படுக்க வைக்கிறேன்."

அந்தப் பள்ளத்தில் மல்லனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இருந்தது புதைசேறு. குட்டியாக இருந்தபோது சாம்பலியே அதில் விழுந்தவள்தான். உடம்பைச் சாய்த்துப் படுத்து, உருண்டு உருண்டு கரைக்கு வந்து தப்பித்தாள். 'இவனும் கால் புதைந்ததும் பயந்துபோய்ப் படுத்துவிடுவான். காடே பார்க்கும். பிறகு எந்த முகத்தோடு சுனையைக் கேட்பான்?' இதுதான் அவள் போட்ட கணக்கு.

மறுநாள் விடியற்காலையில் எல்லா விலங்குகளும் தெற்குப் பள்ளத்தில் கூடின. முழங்கால் உயரத்துக்குப் பனி படர்ந்திருந்தது. அங்கே ஒரு தவளைகூடக் கத்தவில்லை. ஒரு கொசுகூடப் பறக்கவில்லை. பள்ளம் முழுக்கப் பச்சைப் பாசி, மேலே ஒரு சலனமும் இல்லை. வழக்கமாகக் கூச்சல் போடும் குரங்குகள்கூட ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"எங்கேடி அவன்?" என்று கேட்டான் கருங்கொம்பன்.

"உங்கள் எதிரில்தான் இருக்கிறான், அண்ணா" என்றாள் சாம்பலி.

கருங்கொம்பன் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தான். பாசி கிழிந்தது. ஏதோ ஒன்று அவன் கால்களைச் சில்லென்று கவ்விக்கொண்டது.

"அட! காலைப் பிடிக்கிறானே! பிடி பலமாகத்தான் இருக்கிறது!" என்று சிரித்தான்.

முட்டினான், கொம்பு சேற்றில் வழுக்கியது. உதைத்தான், இன்னும் ஆழத்துக்குப் போனான். எதிரியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. சற்றுத் தள்ளி ஒரு பெரிய குமிழி மெதுவாக எழுந்து உடைந்தது. அடுத்து இன்னொன்று.

"மூச்சு வாங்குகிறான் பாருங்கள்! களைத்துவிட்டான்!" என்று கத்தினான் கருங்கொம்பன். அதற்குள் சேறு அவன் வயிற்றைத் தொட்டுவிட்டது.

சாம்பலி பள்ளத்தின் விளிம்புக்கே ஓடினாள். இந்நேரம் அவன் படுத்திருக்க வேண்டுமே!

"அண்ணா! அது மல்லன் இல்லை, புதைசேறு! நான் ஏமாற்றிவிட்டேன்! காலை உதறாதீர்கள். அப்படியே சாய்ந்து படுங்கள், உருண்டு கரைக்கு வந்துவிடலாம்!"

கருங்கொம்பன் கீழே குனிந்து பார்த்தான். இப்போது அவனுக்கும் புரிந்துவிட்டது. பிறகு கரையைப் பார்த்தான். பனிக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன்தானே காட்டைக் கூட்டச் சொன்னான்!

"படுடா தம்பி!" என்று கெஞ்சியது ஒரு கிழக் கரடி. "போன வருஷம் நான் உன்னிடம் தோற்கவில்லையா? அதற்குப் பிறகும் தேன் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. படுடா!"

"யாரோ சிரிக்கிறீர்கள்" என்றான் கருங்கொம்பன்.

யாரும் சிரிக்கவில்லை.

"சத்தியமாக யாரும் சிரிக்கவில்லை, அண்ணா! சீக்கிரம் படுங்கள்!" என்று அலறினாள் சாம்பலி.

"சிரிக்கிறீர்கள். எனக்குக் கேட்கிறது. கருங்கொம்பன் சேற்றிடம் தோற்றான் என்று நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். நடக்காது!"

அவன் நான்கு கால்களையும் விறைப்பாக ஊன்றிக்கொண்டான். சேறு தோளுக்கு ஏறியது. கழுத்துக்கு ஏறியது. அது அவசரப்படவே இல்லை. தாடை முங்கும் நேரத்தில் அவன் தலையை நிமிர்த்திக் கத்தினான்:

"எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்! நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்!"

மூக்கு மறைந்தது. கொம்புகள் மறைந்தன. கிழிந்த பாசி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, பள்ளத்தை மறுபடியும் மூடிக்கொண்டது.

அன்றைக்குச் சுனையில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. சாம்பலியின் குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. அவளுக்குத்தான் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.

நீதி: தோற்க வேண்டிய இடத்தில் தோற்கத் தெரியாதவனை எந்தப் பலமும் காப்பாற்றாது.