பின்காத்து

கோணமேட்டுக்காரர்களுக்குத் தலைக்குள் இருப்பது மூளையா தவிடா என்று சுற்றுவட்டாரத்தில் யாரும் சண்டை போட்டதில்லை. தவிடுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவிட்டு மூட்டைகளுக்குத் தலைவன் பொன்னுரங்கம்.

வருஷா வருஷம் பக்கத்து ஊரான சின்னவாகையோடு சைக்கிள் பந்தயம் நடக்கும். ஜெயித்த ஊருக்குத்தான் ஏரித் தண்ணீரில் முதல் பாய்ச்சல். கோணமேடு ஜெயித்ததே இல்லை. பயிர் காய்ந்துகொண்டிருந்தது.

டவுனில் பந்தயம் ஓட்டும் மைத்துனனிடம் பொன்னுரங்கம் யோசனை கேட்டான்.

"முன்னால போறவன் எதிர்காத்தைத் தடுத்துக்கிட்டே போவான். அவனோட பின்காத்தைப் பிடிச்சுக்கங்க மச்சான். ஒரு சாண்தான் இடைவெளி. அவன் எங்க போனாலும் விலகாதீங்க. அலுப்பே தெரியாது" என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

"பின்காத்துன்னா என்னப்பா?" என்று கேட்டான் கூட நின்ற ஊர்க்காரன் சடகோபன்.

பொன்னுரங்கம் கண்ணை மூடி யோசித்தான். "மனுஷனுக்குப் பின்னால வர்ற காத்து. இதுல என்ன சந்தேகம்?"

"அது எல்லாருக்கும் ஒண்ணுபோல வராதே!"

"அதனாலதான் ஆளைப் பார்த்து முன்னால விடணுங்கறேன்."

ஊரே ஒருமனதாக மாசிலாமணியைக் கைகாட்டியது. அவன் பெண்டாட்டியே வந்து சாட்சி சொன்னாள். பந்தயத்தன்று காலையில், விதைக்கு வைத்திருந்த மொச்சையில் ஒரு படி எடுத்து அவித்து அவனுக்குப் போட்டார்கள்.

பின்காத்து தாராளமாகவே வந்தது. பின்னால் வந்தவர்கள் கண்ணில் நீர் வழிய, "நல்லா இழுக்குதுடா!" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். பொன்னுரங்கத்துக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் இந்த வருஷம் தண்ணீர் நமக்குத்தான் என்று நெஞ்சு விம்மியது.

பாதி வழியில் மாசிலாமணிக்கு வயிற்றைக் கலக்கியது. சைக்கிளைக் கருவேலங்காட்டுக்குள் திருப்பினான். அத்தனை பேரும் திருப்பினார்கள். அவன் புதர் மறைவில் குத்தவைத்தான். அத்தனை பேரும் ஒரு சாண் விட்டு வரிசையாகக் குத்தவைத்தார்கள்.

"தூரப் போங்கடா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று மாசிலாமணி கதறினான்.

"விலகக் கூடாதுன்னு உத்தரவு" என்றான் பொன்னுரங்கம், மூக்கைப் பிடித்தபடி.

அவர்கள் எழுந்து வருவதற்குள் சின்னவாகைக்காரர்கள் ஜெயித்து, மடையைத் திறந்து, வயலுக்குத் தண்ணீரும் பாய்ச்சிவிட்டார்கள்.

சாயங்காலம் ஊர் கூடியது. எல்லோரும் மாசிலாமணியைத் திட்டினார்கள்.

"அவன் மேல குத்தமில்லை" என்றான் பொன்னுரங்கம். "வருஷா வருஷம் நமக்கு முன்னால போறது யாரு?"

"சின்னவாகைக்காரங்க."

"அப்ப மொச்சையை யாருக்குப் போட்டிருக்கணும்?"

ஊரே வாயைப் பிளந்தது. இப்படி ஒரு தலைவன் வேறு எந்த ஊருக்கு வாய்ப்பான்!

மிச்சமிருந்த விதை மொச்சை அத்தனையையும் அன்றைக்கே அவித்து, அண்டாக்களில் சுமந்துகொண்டு, கோணமேடு முழுக்கச் சின்னவாகைக்குப் போய் நின்றது.

"அடுத்த வருஷம் நீங்கதான் ஜெயிக்கணும்" என்று பொன்னுரங்கம் கும்பிட்டான். "இப்பவே சாப்பிட ஆரம்பிச்சிருங்க சாமி."