எருமைப் பாலும் இசக்கியம்மா வயிறும்

கண்ண மூடிக்கிட்டே கேளு. பெரியம்மா சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும், என்ன?

ஒரு ஊர்ல ஒரு பால்காரரு. வெயிலுமுத்துன்னு பேரு. ஏழு எருமை வெச்சிருந்தாரு. கருகருன்னு, கொழுகொழுன்னு ஒவ்வொண்ணும் ஒரு பாறை மாதிரி இருக்கும். விடியுமுன்ன சர்ரு சர்ருன்னு கறந்து ஊரு பூரா ஊத்திட்டு வருவாரு. "எம்பாலக் குடிச்சா கெழவனும் ஓடுவான்"னு சொல்லிக்கிட்டேதான் ஊத்துவாரு. அவ்வளவு பெருமை! பொஞ்சாதி தவறிப் போயிட்டா. ஒரே மகன், கொம்பையா.

ம்.

அந்தக் கொம்பையாவுக்கு இசக்கியம்மான்னு ஒரு பொண்ணக் கட்டி வெச்சாங்க. அவ பொறந்த ஊரு வெறும் பனங்காடு. ஆடு மாடு எதுவும் கெடையாது. காலையில கருப்பட்டிக் காப்பி, மத்தியானம் சோறு கொழம்பு, அவ்வளவுதான். பாலக் குடிச்சுப் பழக்கமே இல்ல.

வந்த அன்னைக்கே மாமனாரு செம்பு நெறையப் பாலக் காய்ச்சிக் கொண்டாந்து, "குடி தாயி, இது ஒன் வீடு"ன்னாரு. அப்பா இல்லாம வளந்த பொண்ணு. கண்ணு கலங்கிப் போச்சு. மடக் மடக்குன்னு குடிச்சுட்டா.

அப்புறம் தெனமும் சோறு தின்னு முடிச்சதும் ஒரு செம்பு பாலு. அப்புறம் கொஞ்ச நேரத்துல வயித்துக்குள்ள கடமுட, கொடகொட! வயிறு தம்முனு உப்பும். சுருக் சுருக்குன்னு குத்தும். கொல்லைப்பக்கம் ஓடுவா.

"ஹி ஹி."

சிரிக்காத. அவளுக்கு அழுகையா வரும். ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. மேலு இளைச்சுக் குச்சியாட்டம் ஆயிட்டா. சோத்துத் தட்டப் பாத்தாலே பயம்.

அப்போ வெயிலுமுத்து பதறிப் போனாரு. "இந்தா, மஞ்சளும் மொளகும் தட்டிப் போட்ட பாலு, குடி"ன்னாரு. குடிச்சா. கடமுட, கொடகொட.

ம்.

"அப்போ பூண்டுதான் கேக்கும்"னு பூண்ட உரிச்சுப் பால்ல வேகவெச்சுக் குடுத்தாரு. குடிச்சா. கடமுட, கொடகொட.

"சோறுதான் ஒனக்கு ஒத்துக்கல. மூணு நாளைக்குச் சோறே வேண்டாம். வெறும் பாலு மட்டும் குடி"ன்னாரு.

"ஐயய்யோ!"

ஆமா, ஐயய்யோதான். ரெண்டாம் நாளு அடுப்பங்கரையில தொப்புனு விழுந்துட்டா. கொம்பையா தூக்கித் தண்ணி தெளிச்சான். அவன் கையப் புடிச்சுக்கிட்டு, "என்ன எங்கம்மாகிட்டயே விட்டுருங்க. சீக்குக்காரிய வெச்சுக்கிட்டு நீங்க என்ன பாடு படுவீங்க"ன்னு அழுதா.

அது வெயிலுமுத்து காதுல விழுந்துச்சு. அப்படியே பஸ் ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அங்க ஒரு டாக்டரம்மா. "என்னம்மா சாப்பிடுற?"ன்னு கேட்டாங்க.

"அவளுக்கு என்ன கொறைச்சல், நான்..."னு இவரு ஆரம்பிச்சாரு.

"ஐயா, அவங்களே சொல்லட்டும். எப்பம்மா வலிக்குது?"

"பாலு குடிச்சு அரை மணி நேரத்துல"ன்னுட்டா. சொல்லிட்டு, நாக்கக் கடிச்சுக்கிட்டு மாமனாரப் பாத்தா.

டாக்டரம்மா சிரிச்சாங்க. "சில பேரு வயித்துக்குப் பாலு செரிக்காது. அது பாலு மேலயும் குத்தமில்ல, ஒம்மேலயும் குத்தமில்ல. பதினஞ்சு நாளு நிறுத்திப் பாரு. அப்பவும் வலிச்சா வா, வேற என்னன்னு பாக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் வெயிலுமுத்து நேரா தொழுவத்துக்குப் போயி எருமைங்க நடுவுல உக்காந்துட்டாரு. இசக்கியம்மா மெல்லப் பக்கத்துல போயி நின்னா.

"கோவமா மாமா?"

"பாலுதான்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா தாயி?"

"கொஞ்ச நாளாவே சந்தேகந்தான்."

"ஏன் சொல்லல?"

"எங்கப்பா மொகமே எனக்கு ஞாபகமில்ல மாமா. நீங்க ஆசையாக் கொண்டாந்து நீட்டயில, வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

அம்புட்டுப் பெரிய மனுசன், துண்ட வாயில வெச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாரு. "குடி குடின்னு சொன்னேனே ஒழிய, ஒனக்கு எப்படி இருக்குன்னு ஒரு நாளு கேட்டேனா"ன்னாரு.

ம்...

அப்புறம் பாலு நின்னுச்சு. மொத நாளு பயந்து பயந்து ரெண்டு வாய் சோறு தின்னா. வயிறு லேசா முனகுச்சு. மறுநாளு ரசஞ்சோறு தின்னா, சும்மா இருந்துச்சு. அஞ்சாம் நாளு மத்தியானம் தட்ட நீட்டி, "இன்னுங் கொஞ்சம் சோறு"ன்னா. வெயிலுமுத்து எந்திரிச்சு ஓடிப்போயி சட்டியோட கொண்டாந்துட்டாரு.

தின்னு முடிச்சு, அங்கனயே செவுத்தோரமாச் சாஞ்சவ அப்படியே தூங்கிட்டா. கொர்ரு... கொர்ருன்னு கொறட்டை. வயித்தப் புடிக்காம, ஓடாம, ரெண்டு மாசத்துல அன்னைக்குத்தான் அவ பகல்ல கண்ணசந்தா.

அப்போ வாசல்ல ஒருத்தி செம்ப டங்கு டங்குன்னு தட்டி, "பால்காரரே, பாலு!"ன்னு கத்துனா. வெயிலுமுத்து வாயில வெரல வெச்சுக்கிட்டு, பூனை மாதிரி நடந்து போனாரு.

"சத்தம் போடாதத்தா. எம்மவ தூங்குறா."

...என்ன, ம்மையே காணோம்? சரி சரி. கதையும் படுத்துருச்சு, நீயும் தூங்கு கண்ணு.