இடமாக ஒரு வட்டம்

2019 மார்ச் 4, காலை பத்து மணி. கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு, கணினி சொன்னபடி மரம் செதுக்கும் இரண்டு சி.என்.சி. மெஷின்கள் சோதனைக்கு வந்து இறங்கின. ஒன்று ஆலோசகர் வரதராஜனுடையது. மற்றது தச்சர் செங்கோடன் வீட்டிலேயே கட்டியது. நாற்பது மர அச்சுகளுக்கான ஆர்டர் ஒருவருக்குத்தான். அது தவறினால் செங்கோடன் மெஷினை விற்க வேண்டியதுதான்.

“என்னுது சர்வோ மோட்டார். உன்னுது பொம்மைக் காருல கழட்டினதாப்பா?” என்றார் வரதராஜன். அவருடைய மெஷின் உளிக்குப் பதில் பேனாவைப் பிடித்து, காகிதத்தில் ஒரே வட்டத்தின் மேல் ஐம்பது முறை சர்ரென்று ஓடியது. கோடு துளியும் தடிக்கவில்லை. “இதே வேகத்துல போடு, பாக்கலாம்.”

அந்த வேகம் தன் மெஷினுக்கு ஏழு ஜென்மத்திலும் வராது என்பது செங்கோடனுக்குத் தெரியும்.

“வேகத்துல நீங்க ராசாங்க. ஐம்பதும் வலமாவே சுத்துச்சுங்களே, அதே வட்டத்து மேல இடமா ஒண்ணே ஒண்ணு போடுங்க, கண்குளிரப் பாத்துக்கறேன்.”

வரதராஜன் சிரித்தபடி பொத்தானை அழுத்தினார். புது வட்டம் பழையதை விட்டு விலகி ஓடியது. காகிதத்தில் இப்போது இரண்டு கோடுகள். மேனேஜர் கோமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“மோட்டாருக்குக் கொட்டிக் குடுத்துட்டு, சாதா மரைக்கம்பியப் போட்டிருக்காருங்கம்மா. திசை மாறினா மரைக்குள்ள நட்டு ஆடுது,” என்றார் செங்கோடன். “ நான் சின்ன மோட்டாரா வாங்கிட்டு, மிச்சத்தை பால் ஸ்க்ரூவுல போட்டுட்டேனுங்க. அதுல நட்டுக்குள்ள குண்டு இறுக்கமா உருளும், ஆட்டமே இருக்காதுங்க.”

செங்கோடனின் மெஷின் வலமும் இடமும் ஆமைபோல் ஊர்ந்தது. எல்லோரும் டீயே குடித்து முடித்தார்கள். கோடு ஒன்றுதான் இருந்தது.

மார்ச் 9 அன்று ஆர்டர் செங்கோடனுக்குப் போனது. ஏப்ரல் 2 அன்று வரதராஜன் தன் மெஷினுக்கு மூன்று பால் ஸ்க்ரூ வாங்கினார்.